டிவியை மேசையில் வைப்பதா, சுவரில் மாட்டுவதா? மாட்டினால் எந்த பிராக்கெட்?

புது டிவி வீட்டுக்கு வந்த மறுநாள் இன்ஸ்டலேஷன் செய்பவர் வருவார். வந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "வால் மவுண்டா, டேபிள் ஸ்டாண்டா?" என்பதுதான். பதில் சொல்ல இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். அவசரத்தில் "மாட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஐந்தடி உயரத்தில் இருக்கும் டிவியை அண்ணாந்து பார்த்தே பல ஆண்டுகளைக் கழிக்கும் வீடுகள் நிறைய. ஆகவே அவர் வருவதற்கு முன்பே முடிவெடுத்துவிட வேண்டும். பிராக்கெட்டைத் தேர்வு செய்வது அதில் கடைசி வேலை. அதற்கு முன் உயரம், சுவர், பின்பக்க வசதி ஆகிய மூன்றையும் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கீழே உள்ள கணக்குகள் 43 இஞ்ச், 55 இஞ்ச் டிவிகளை வைத்துப் போடப்பட்டவை. 43 இஞ்ச் டிவி ஏறக்குறைய 96 செ.மீ. அகலம், 56 செ.மீ. உயரம், 7 முதல் 9 கிலோ எடை. 55 இஞ்ச் ஏறக்குறைய 123 செ.மீ. அகலம், 71 செ.மீ. உயரம், 13 முதல் 17 கிலோ. உங்கள் மாடலின் சரியான எடை பெட்டியிலேயே அச்சாகியிருக்கும்.

## முதலில் உயரம்

திரையின் நடுப்பகுதி, உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் அல்லது அதற்கு 10 செ.மீ. மேலே இருந்தால் கழுத்துக்கு வேலை இல்லை. சிக்கல் என்னவென்றால் நம் வீட்டு ஹாலில் எல்லோரும் ஒரே உயரத்தில் உட்காருவதில்லை. தரையில் சம்மணமிட்டு உட்காருபவரின் கண் சுமார் 75 செ.மீ. உயரத்தில் இருக்கும். சோபாவில் 100 முதல் 110. பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்னும் கொஞ்சம் மேலே.

அதிக நேரம் டிவி பார்ப்பவர் யார், அவர் எங்கே உட்காருகிறார் என்று பாருங்கள். சோபாதான் என்றால் திரையின் நடுப்பகுதி 110 செ.மீ.யில் இருக்கட்டும். 55 இஞ்ச் டிவிக்கு அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து சுமார் 75 செ.மீ.யில் வரும். பலருக்கு இது "ரொம்பக் கீழே" என்று தோன்றும். நின்றுகொண்டு பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. செய்தித்தாள்களை ஒட்டி டிவி அளவுக்கு வெட்டி, அந்த உயரத்தில் டேப் போட்டு ஒட்டிவிட்டு, சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு நாள் அது அப்படியே இருக்கட்டும். வீட்டில் எல்லோரும் பார்த்துச் சொல்லட்டும்.

பத்தடி தள்ளி உட்காரும் ஹாலில் திரையின் நடுப்பகுதியை 150 செ.மீ.யில் மாட்டினால், சோபாவில் இருப்பவர் 8 டிகிரிக்கு மேல் பார்வையை உயர்த்த வேண்டும். தரையில் இருப்பவர் 14 டிகிரி. ஒரு படம் முடிவதற்குள் பிடரி வலிக்கும். பிளக் பாயின்ட் அந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்காக டிவியையும் அங்கே ஏற்றுவதுதான் நடக்கும் தவறுகளில் பெரியது. பிளக் பாயின்ட்டைக் கீழே இறக்க எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வேளை வேலை.

## அடுத்தது சுவர்

எல்லாச் சுவரும் பூசி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்த பிறகு ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே இருப்பது வேறு வேறு. டிவி வரப்போகும் இடத்துக்குள்ளேயே, பின்னால் மறைந்துவிடும்படி, 6 மி.மீ. பிட்டால் ஒரு சோதனைத் துளை போடுங்கள். முதல் ஒன்றரை சென்டிமீட்டர் வரை சிமென்ட் பூச்சுத் தூள்தான் வரும். அதைத் தாண்டிய பிறகு வரும் தூளைக் கவனியுங்கள்.

சிவப்பாக வந்தால் செங்கல். 10 மி.மீ. நைலான் பிளக்கும் (துளைக்குள் செருகித் திருகை இறுக்கும் உறை) அதற்கேற்ற திருகும், அசையாமல் நிற்கும் ஃபிக்ஸ்டு, முன்னால் சாயும் டில்ட் பிராக்கெட்டுகளுக்குத் தாராளமாகப் போதும். பூச்சின் தடிமனைக் கணக்கில் சேர்க்காமல், செங்கலுக்குள் குறைந்தது 50 மி.மீ. போக வேண்டும். துளை கல்லின் நடுவில் விழ வேண்டும். இரண்டு கல்லுக்கு இடையில் உள்ள கலவை மூட்டில் விழுந்தால் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும், இறுகாது. மற்ற துளைகளில் சிவப்பாக வந்த தூள், மூட்டில் விழுந்த துளையில் சாம்பலாகவே வரும், நாலு செ.மீ. மேலோ கீழோ நகர்த்திப் போடுங்கள். பழைய சுண்ணாம்புக் காரை வீடுகளில் பூச்சு இன்னும் தடிமன். அதற்கேற்ப நீளமான பிளக் வாங்குங்கள்.

சாம்பல் தூள் வந்து, டிரில் சீராக இறங்கினால் சாலிட் பிளாக் அல்லது ஃபிளை ஆஷ் கல். செங்கலுக்குச் சொன்னதே இதற்கும். சாம்பல் தூள் வந்து டிரில் இறங்க மறுத்தால் ஆர்.சி.சி., அதாவது கம்பி கட்டிய கான்கிரீட். இது மிகவும் உறுதியான சுவர். சாதாரண டிரில்லால் முடியாது, ரோட்டரி ஹேமர் வேண்டும். கம்பியில் இடித்தால் அழுத்தாதீர்கள், துளையை நகர்த்துங்கள்.

கொஞ்ச தூரம் இறங்கிய பிறகு டிரில் "பொசுக்" என்று உள்ளே போனால் ஹாலோ பிளாக். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. இரும்பு ஃபாஸ்னரை முறுக்கினால் அது விரிந்து பிடிக்க உள்ளே ஒன்றும் இருக்காது. பிளாக்கின் மெல்லிய தோடு உடைந்துவிடும். ஹாலோ பிளாக்குக்கு என்றே வரும் நீளமான நைலான் பிளக்கோ, வலைக் குழாயோடு சேர்த்துச் செலுத்தும் கெமிக்கல் ஆங்கரோதான் (பசையால் இறுகும் போல்ட்) சரி.

வெள்ளைத் தூள் மாவாகக் கொட்டினால் ஏ.ஏ.சி. பிளாக், காற்றுக் குமிழ்கள் நிறைந்த எடை குறைந்த கல். ஹேமர் மோடை அணைத்துவிட்டுச் சாதாரணச் சுழற்சியில் மட்டும் துளையிடுங்கள். இல்லாவிட்டால் துளை தானாகப் பெரிதாகிவிடும். இதற்கும் தனி பிளக் உண்டு. ஜிப்சம் பார்ட்டிஷன் என்றால், 12 மி.மீ. பலகையில் மட்டும் எதையும் மாட்டாதீர்கள். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் பிடிக்க வேண்டும். அல்லது பலகையைக் கழற்றி உள்ளே 18 மி.மீ. பிளைவுட் வைக்க வேண்டும்.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். சுவிட்ச் போர்டுக்கும் பிளக் பாயின்ட்டுக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர் போகும். அந்தக் கோட்டில் துளை போடக் கூடாது. துளையிடும்போது அந்தச் சுற்றின் எம்.சி.பி.யை (மெயின் பெட்டியில் உள்ள பாதுகாப்பு சுவிட்ச்) இறக்கிவிட்டு, டிரில்லுக்கு வேறு அறையிலிருந்து மின்சாரம் எடுங்கள். சுவருக்கு மறுபக்கம் குளியலறையோ சமையலறையோ இருந்தால், அதுவும் நாலரை இஞ்ச் சுவராக இருந்தால், தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று தெரியாமல் டிரில்லை எடுக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் அடிக்கிற வெளிச்சுவராக இருந்தால் அங்கே டிவியே வேண்டாம். பெயின்ட் உப்பி உதிரும் சுவரில் நைலான் பிளக்கும் தளரும், டிவியின் பின்பக்கமும் ஈரத்தைக் குடிக்கும். ஓதத்தைச் சரி செய்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

## பின்பக்கத்துக்குக் கை போக வேண்டுமா?

செட்டாப் பாக்ஸ், கேம் கன்சோல், பென் டிரைவ் என்று அடிக்கடி செருகி எடுக்கும் வீடா, அல்லது வைஃபையில் மட்டும் ஓடும் டிவியா? முதல் வகை என்றால், சுவரோடு ஒட்டிய பிராக்கெட் உங்களை வாட்டும்.

இடி, மின்னலின்போது பிளக்கையும் கேபிள் ஒயரையும் பிடுங்கிவிடுவது நம் வீடுகளில் வழக்கம், நல்ல வழக்கம். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. டிவிக்குப் பின்னால் மறைந்திருக்கும் பிளக்கைப் பிடுங்க முடியாது. அதனால் சுவரில் மாட்டுவதாக இருந்தாலும், பிளக் பாயின்ட் டிவியின் விளிம்புக்கு வெளியேயோ கீழே இருக்கும் யூனிட்டிலோ இருக்கட்டும். பார்வைக்குக் கொஞ்சம் அழகு குறையும். அது பரவாயில்லை.

## மேசை அல்லது டிவி யூனிட்

பொருந்துவது: வாடகை வீடு, ஓதச் சுவர், அடிக்கடி இடம் மாற்றும் வீடு, நிறையக் கருவிகள் இணைக்கும் வீடு.

துளை இல்லை, அட்வான்ஸில் பிடித்தம் இல்லை, டிவியோடு வரும் கால்களே போதும். 45 செ.மீ. உயர யூனிட்டில் 55 இஞ்ச் டிவியை வைத்தால் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 87 செ.மீ.யில் வரும். தரையில் உட்காருபவருக்கும் சோபாவில் உட்காருபவருக்கும் நடுவான உயரம் அது. சுவரில் மாட்டுவதைவிட இது பெரும்பாலும் வசதியான பார்வைதான்.

செலவு மேசையில்தான். இப்போதைய டிவிகளுக்கு நடுவில் ஒற்றைக் கால் இருப்பது குறைவு. இரு ஓரத்திலும் கால் இருக்கும். 55 இஞ்ச் டிவியில் இரண்டு கால்களுக்கும் இடையே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி வரலாம். வீட்டில் இருக்கும் பழைய மூன்றடி மேசையில் அது உட்காராது. வாங்கும் முன் அந்த இடைவெளியைக் கேட்டு அளந்துகொள்ளுங்கள். மேசையின் ஆழம் 35 செ.மீ.யாவது வேண்டும். சவுண்ட்பாரை முன்னால் வைத்தால் டிவியின் கீழ் விளிம்பில் இருக்கும் ரிமோட் சென்சாரை அது மறைத்துவிடும்.

தவழும், பிடித்து நிற்கும் வயதுக் குழந்தை இருந்தால் மேசை ஆபத்து. இழுப்பறையில் கால் வைத்து ஏறும் குழந்தையின் மேலேயே டிவி சரியும். மேசைதான் ஒரே வழி என்றால், டிவியின் பின்புறத் துளைகளிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை போட்டுக் கட்டுங்கள். வாடகை வீடானாலும் அதற்காகச் சுவரில் ஒரு சிறு துளை போடலாம். வீட்டுக்காரரிடம் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார்.

## ஃபிக்ஸ்டு பிராக்கெட்

பொருந்துவது: சொந்த வீடு, சரியான உயரத்தில் மாட்ட இடம், வயர்கள் குறைவு, சிறு குழந்தைகள்.

விலை குறைவு, அசையும் பாகம் இல்லை, சுவரிலிருந்து 3 செ.மீ. அளவே தள்ளி நிற்கும். எடை நேராகக் கீழ்நோக்கி இறங்குவதால் சுவருக்கும் சுமை குறைவு. உயரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்த வீட்டுக்கு இதைவிட நல்லது இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. முதலாவது பிளக். சுவரில் செருகிய மூன்று முனை பிளக்கே 4, 5 செ.மீ. துருத்தி நிற்கும், டிவி சுவரில் உட்காராது. பிளக் பாயின்ட்டை இடம் மாற்ற சுவரை வெட்டிப் பைப் பதிக்க வேண்டும், பிறகு பட்டி, பெயின்ட். வெட்ட மனமில்லை என்றால் கேசிங் பட்டை ஒட்டி அதற்குள் ஒயரை இறக்கலாம். இரண்டாவது எச்டிஎம்ஐ. பின்னோக்கி நீளும் போர்ட்டில் நேரான கேபிளைச் செருகி டிவியைச் சுவரோடு அழுத்தினால் கேபிளின் கழுத்து முறியும், போர்ட்டும் போகும். எல் வடிவ கனெக்டர் வாங்குங்கள். மூன்றாவது, கேபிள் மாற்ற ஒவ்வொரு முறையும் டிவியையே கழற்ற வேண்டும். 55 இஞ்ச் என்றால் அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

## டில்ட் பிராக்கெட்

பொருந்துவது: டிவியை உயர்த்தியே ஆக வேண்டிய வீடு, தரையிலும் சோபாவிலும் மாறி மாறி உட்காரும் வீடு, எதிரே ஜன்னல் இருக்கும் ஹால், படுத்துப் பார்க்கும் படுக்கையறை.

கீழே சோபாவோ அலமாரியோ இருந்து டிவி மேலே போவதைத் தவிர்க்க முடியாவிட்டால், 10 முதல் 15 டிகிரி வரை முன்னால் சாய்க்கும் இதுதான் தீர்வு. எத்தனை டிகிரி என்பதற்குச் சுலபக் கணக்கு: கண்ணிலிருந்து திரையின் நடுப்பகுதி எவ்வளவு உயரமோ அதைத் தூரத்தால் வகுத்து 57ஆல் பெருக்குங்கள். 40 செ.மீ. உயரம், 250 செ.மீ. தூரம் என்றால் 9 டிகிரி. சாய்த்தால் நிறமும் மாறுபாடும் சரியாகத் தெரியும், எதிர் ஜன்னலின் பிரதிபலிப்பும் கீழே இறங்கிவிடும். கழுத்தை அண்ணாத்துவது மட்டும் குறையாது. அதற்கு டிவியைத்தான் இறக்க வேண்டும்.

ஃபிக்ஸ்டைவிட விலை கொஞ்சம்தான் அதிகம், இடைவெளி 5 முதல் 7 செ.மீ. அதனால் கேபிளுக்குக் கை போகும், காற்றும் போகும். நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு இதையே வாங்கலாம். வாங்கும்போது சாய்வைப் பூட்டும் திருகு இருபக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான சிலவற்றில் உராய்வு மட்டுமே பிடிக்கும். நாளடைவில் டிவி தானாகத் தலை குனியும்.

## மூவிங் பிராக்கெட்

பொருந்துவது: ஹாலிலும் சமையலறையிலும் இருந்து ஒரே டிவியைப் பார்க்கும் வீடு, மூலையில் மாட்ட வேண்டிய அறை, பின்பக்கத்தை அடிக்கடி தொட வேண்டியவர்கள். சுவர் ஒன்பது இஞ்ச் செங்கலாகவோ ஆர்.சி.சி.யாகவோ இருக்க வேண்டும்.

டிவியை முன்னால் இழுக்கவும் பக்கவாட்டில் திருப்பவும் இந்தப் பிராக்கெட்டில் ஒரு மடக்குக் கை இருக்கும். அந்தக் கையை நீட்டினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். 15 கிலோ டிவி, பிராக்கெட் தகட்டின் மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் 20 செ.மீ. இடைவெளி. டிவி சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால் மேல் திருகுகளை வெளியே பிடுங்கும் விசை சுமார் 4 கிலோ. அதே டிவியை 50 செ.மீ. இழுத்தால் அது 37 கிலோவைத் தாண்டும். ஏறக்குறைய பத்து மடங்கு. இதற்கு மேல் ஒரு குழந்தை தொங்கினால் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியில் "50 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பது பிராக்கெட்டின் இரும்பைப் பற்றியது. உங்கள் சுவரை அவர்கள் பார்த்ததில்லை.

ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி., ஜிப்சம் சுவர்களில் இதைத் தவிர்த்துவிடுங்கள். நாலரை இஞ்ச் செங்கல் சுவரில்தான் வேண்டும் என்றால், சுவரைத் துளைத்து மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து நட்-போல்ட் போட்டு இறுக்குவதே பாதுகாப்பு. விலை ஃபிக்ஸ்டைப் போலப் பல மடங்கு. மடக்கி வைத்தாலும் சுவரிலிருந்து 6, 7 செ.மீ. துருத்தும். ஒயர்களுக்கு முழு நீட்டத்துக்கும் போதுமான தளர்ச்சி விட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் திருப்பும்போது பிளக் கழன்று வரும்.

வாங்கியவர்களில் பலர் முதல் மாதத்துக்குப் பிறகு அதைத் திருப்புவதே இல்லை. தினமும் திருப்பப்போகிறீர்களா என்று உண்மையாகக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மேசை | ஃபிக்ஸ்டு | டில்ட் | மூவிங் |
|---|---|---|---|---|
| சுவரிலிருந்து இடைவெளி | மேசையின் ஆழம் | சுமார் 3 செ.மீ. | 5–7 செ.மீ. | மடக்கினால் 6–7, நீட்டினால் 40–50 செ.மீ. |
| சுவர் மேல் சுமை | இல்லை | குறைவு | குறைவு | மிக அதிகம் |
| கேபிள் மாற்றுவது | எளிது | டிவியைக் கழற்ற வேண்டும் | கை போகும் | எளிது |
| ஹாலோ பிளாக் சுவர் | கவலை இல்லை | தகுந்த பிளக்கோடு சரி | தகுந்த பிளக்கோடு சரி | வேண்டாம் |
| சிறு குழந்தை உள்ள வீடு | பட்டை கட்டினால் மட்டும் | மிக நல்லது | நல்லது | எட்டாத உயரத்தில் மட்டும் |
| வாடகை வீடு | மிக நல்லது | வீட்டுக்காரரைக் கேட்டு | வீட்டுக்காரரைக் கேட்டு | வேண்டாம் |
| மறைமுகச் செலவு | சரியான அகல மேசை | பிளக் இடமாற்றம், எல் கனெக்டர் | சிறிது | நல்ல ஆங்கர், நீளக் கேபிள் |

மரப் பேனலில் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பார்ட்டிக்கிள் போர்டு திருகைப் பிடிக்காது. நாள்பட்டால் துகளாக உதிரும். 18 மி.மீ. பிளைவுட் என்றால் ஃபிக்ஸ்டு, டில்ட் தாங்கும், அந்தப் பேனலே சுவரில் உறுதியாகப் பிடித்திருந்தால். பேனலைத் துளைத்துப் பின்னால் உள்ள சுவரிலேயே நீளத் திருகு இறங்கும்படி செய்வது இன்னும் நல்லது. புது வீடு கட்டுபவர்கள் டிவி பாயின்ட்டிலிருந்து யூனிட் வரை 50 மி.மீ. பைப் ஒன்றைத் தனியாகப் பதித்துவிடுங்கள். 25 மி.மீ. பைப்பின் வளைவில் எச்டிஎம்ஐயின் தலை நுழையாது. மின் ஒயரை அந்தப் பைப்பில் விடக் கூடாது.

## மாட்டும் நாளில்

டிவியின் பின்னால் உள்ள நான்கு திருகுத் துளைகளின் இடைவெளிதான் வெசா அளவு. 200×200, 300×300, 400×300 என்று மாறும். பிராக்கெட் அதற்கு இசைய வேண்டும். 43, 55 இஞ்ச் டிவிகளுக்குப் பெரும்பாலும் எம்6 (6 மி.மீ. தடிமன்) திருகு. பெரிய சில மாடல்களுக்கு எம்8. நீளத்தில் கவனம்: அதிக நீளம் உள்ளே போய்ப் பேனலைக் குத்தும், குறைந்த நீளம் மரையைக் கிழிக்கும். மரைக்குள் 8 முதல் 12 மி.மீ. போனால் போதும். முதலில் கையால் முறுக்கி, பிறகு ஸ்க்ரூடிரைவரால் இறுக்குங்கள். இதற்கு இம்பாக்ட் டிரில் கூடாது. டிவியின் பின்பக்கம் வளைந்திருந்தால் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் சிறு குழாய்) போட்ட பிறகே திருகு நீளத்தைக் கணக்கிடுங்கள்.

சுவரில் தகட்டை வைத்து ரசமட்டத்தால் சரிபார்த்துக் குறியுங்கள். ஒரு துளை போட்டுத் தளர்வாக மாட்டி, மறுபடி மட்டம் பார்த்து, பிறகு மற்றவற்றைப் போடுங்கள். ஒவ்வொரு துளையிலும் உள்ள தூளை ஊதி வெளியேற்றாமல் பிளக்கைத் தட்டினால் அது பாதியில் நிற்கும். நான்கு துளைக்குப் பதில் இரண்டில் முடித்துவிட யாரையும் விடாதீர்கள். தகட்டைப் பிடித்தபின் டிவியை ஏற்றுவதற்கு முன், இரண்டு கையாலும் அதைக் கீழ்நோக்கி நன்றாக இழுத்துப் பாருங்கள். துளியும் அசையக் கூடாது. அசைந்தால் அந்த இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் துளையிடச் சொல்லுங்கள். ஈர்க்குச்சியையும் பேப்பரையும் திணித்து இறுக்கிய துளை டிவியைத் தாங்காது.

ஏற்றும்போது திரையில் விரல் பதித்து அழுத்தாமல் விளிம்புகளை மட்டும் பிடிக்க வேண்டும். மாட்டியபின் அடியில் உள்ள பூட்டுத் திருகை முறுக்க மறப்பவர்கள் உண்டு; தூசி துடைக்கும்போது டிவி கொக்கியிலிருந்து எழும்பி விழுவது அதனால்தான். பூட்டு விழுந்ததா என்று கீழ் விளிம்பை லேசாக உயர்த்திப் பார்த்துவிட்டு இன்ஸ்டலேஷன் செய்பவரை அனுப்புங்கள். டிவியோடு வந்த கால்கள் இரண்டையும் அவற்றின் திருகுகளையும் ஒரு பையில் போட்டு, மாடல் எண் எழுதி எடுத்து வையுங்கள். வீடு மாறினால் அவை வேண்டியிருக்கும், தனியாக வாங்கக் கிடைப்பது சிரமம்.